கால் ஏக்கரும் நம்ம வாவியும்

அன்புள்ள மச்சான்,

ஏழு மாசமா ஒரு வரி எழுதலன்னு நீ திட்டுறது இங்க வரைக்கும் கேக்குது. நைட் டியூட்டி, குளிர், சோம்பேறித்தனம்; பிடிச்ச சாக்கை எடுத்துக்க. வீட்டுல எல்லாரும் சுகம். அம்மாவோட முட்டிவலி எப்படின்னு எழுது.

இப்ப எழுத உக்காந்தது நம்ம நுவரெலியா கிரகரி வாவியாலதான். சிரிக்காத. நீ புதுச் செருப்போட விழுந்த அதே வாவி.

போன ஞாயிறு இங்க அயர்லாந்துல, கோல்வே பக்கம் போர்ட்டம்னாங்கிற ஊருக்குப் போனோம். 1852ல திறந்த வொர்க்ஹவுஸ் ஒண்ணு அங்க மியூசியமா இருக்கு. கதியத்தவனை உள்ள அடைச்சு, வேலை வாங்கி, கஞ்சி ஊத்துற இடம். அப்பன் வெளிய நின்னுக்கிட்டுப் பிள்ளைகளை மட்டும் அனுப்ப முடியாது. வந்தா குடும்பத்தோட வரணும், வந்ததும் பிரிச்சிருவாங்க. ஆம்பளை, பொம்பளை, பையன், பொண்ணு எல்லாருக்கும் தனித்தனி முற்றம், நடுவுல பெரிய சுவர். ரெண்டு வயசுக்குட்பட்டது மட்டும் தாய்கிட்ட. அந்த முற்றத்துல நின்னப்ப நான் சின்னவளைத் தூக்கி வச்சுக்கிட்டேன், அவ நடக்கணும்னு அழுதும் விடல.

அப்புறம் பதிவேடு! தோட்டத்துல பேர் பதியுற நம்ம செக்ரோல் மாமா கண்டிருந்தா கண்ணுல ஒத்திக்கிட்டிருப்பார். பேர், வயசு, மதம், நோய், வந்த நாள், வெளியேறின நாள், இல்லைன்னா செத்த நாள். எந்தப் பகுதிக்காரன்னும் எழுதணும், ஏன்னா அவன் குடிச்ச கஞ்சிச் செலவை அந்தப் பகுதி தலையில போடணுமே. 1838ல வந்த ஏழை உதவிச் சட்டப்படி காசு வெளியிலருந்து வராது, அந்தந்த வட்டாரத்து நில வரியிலருந்துதான். பஞ்சம் கடுமையான இடத்துல வரி கூடும், கட்ட ஆளிருக்காது.

இதுல 1843ல ஒரு திருத்தம். நாலு பவுண்டுக்கு மேல மதிப்பில்லாத நிலத்துக்கு வரியைக் குடியானவன் கட்ட வேணாம், நிலச்சொந்தக்காரனே கட்டணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து வரி ஏற ஏற, சின்னக் குடியானவனைக் கிளப்பிவிட்டா அத்தனையும் மிச்சம்னு துரைமாருக்குக் கணக்குப் புரிஞ்சு போச்சு.

1847ல வந்தது அடுத்த அடி. கால் ஏக்கருக்கு மேல நிலம் வச்சிருக்கிறவனுக்கு உதவி கிடையாது. நிலத்தை விட்டாத்தான் கஞ்சி. விட்டுட்டா அடுத்த வருசம் எங்க விதைப்பான்? விடாமலே பட்டினி கிடந்து செத்தவங்க எத்தனையோ பேர். அந்தப் பிரிவைப் பாராளுமன்றத்துல கொண்டுவந்தவர் பேரைச் சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

வில்லியம் கிரகரி. இதே கோல்வேக்காரர். 1872ல நம்ம இலங்கைக்கு கவர்னரா வந்தாரே, வாவிக்குப் பேர் குடுத்தவர், அவரேதான்!

1876ல தொடங்கின தாது வருசப் பஞ்சத்துல நம்ம பாட்டன் பூட்டனுங்க தமிழ்நாட்டுலருந்து மன்னாருக்குத் தோணியேறினப்ப, கொழும்புல அந்த நாற்காலியில இருந்தவரும் இவர்தான். ஒரு பஞ்சத்துல சட்டம் போட்டவர், இன்னொரு பஞ்சத்துக்குத் தப்பி வந்தவங்களுக்கு கவர்னர். நம்ம நாட்டுல குளங்களைத் திருத்தினார், மியூசியம் கட்டினார், அதெல்லாம் பொய்யில்ல. அதனாலதான் எனக்கு இன்னும் கோபம். முழுக்க ராட்சசனா இருந்தா திட்டித் தொலைச்சிட்டுத் தூங்கியிருப்பேன்.

இவ கேக்குறா, "நூத்தி எழுபது வருசத்துக் கதைக்கு நீங்க ஏன் சாப்பிடாம இருக்கீங்க?"ன்னு. சாப்பிட்டேன், ரெண்டு தட்டு.

சித்திரை சீசனுக்கு வர்றேன். படகுக்குக் காசு நீதான், பழைய பாக்கி இருக்கு. அதுக்கு முந்தி கொழும்புக்குப் போனீன்னா ஒரு வேலை செய். மியூசியத்துக்கு முன்னால அவர் சிலை நிக்குதுல்ல, அடியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்து ஒரு வரி விடாம எழுதி அனுப்பு.

உன்
கறுப்பன்