பூட்டிய ஷட்டர்களுக்கு நடுவே நிற்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

முதல் கூட்டத்துக்கு ஊரே திரண்டு வந்தது, இரண்டாவது கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள் என்று எழுதியிருந்தாய். செத்துக் கிடக்கும் கடைத்தெருவை மீட்பது நம்மால் ஆகிற காரியமா என்றும் கேட்டிருந்தாய். ஆகும். அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டே ஆகும்.

ஜப்பானில் பிவா ஏரிக்கரையில் நாகஹாமா என்றொரு ஊர் இருக்கிறது. 1980களில் அதன் பழைய கடைத்தெரு வெறிச்சோடிப் போயிருந்தது. ஒரு விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்தபோது அந்தத் தெருவில் போனது நான்கு மனிதர்களும் ஒரு நாயும்தானாம். அந்த ஊர்க் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் இந்தக் கணக்கை விடுவதில்லை. அங்கே 1900-இல் கட்டிய ஒரு வங்கிக் கட்டடம் இருந்தது. சுவர் கறுப்பு என்பதால் ஜனங்கள் வைத்த பெயர் 'குரோகபே', கறுப்புச் சுவர். அது கைமாறி இடிபடும் நிலைக்கு வந்தபோது உள்ளூர்த் தனியார் நிறுவனங்கள் எட்டும் நகராட்சியும் சேர்ந்து 1988-இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே கண்ணாடிக் கலைப்பொருள் கடை திறந்தது. கண்ணாடித் தொழில் அந்த ஊரின் பரம்பரைத் தொழில்கூட இல்லை. அப்புறம் பக்கத்துப் பழைய வீடுகளும் ஒவ்வொன்றாகக் கடைகளாயின. பின்னாளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் பேர் வந்து போகும் இடமானது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பணக் கணக்கைத்தான். மூலதனம் 13 கோடி யென். அதில் 9 கோடி நிறுவனங்களுடையது, 4 கோடி நகராட்சியுடையது. நஷ்டம் வந்தால் போவது தன் காசு என்று தெரிந்தவர்தான் சாயங்காலம் கடையில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார். உன் முதல் கூட்டத்தில் எல்லோரும் கருத்துச் சொன்னார்கள், நீ யார் கையிலும் எந்தப் பொறுப்பும் கொடுத்தனுப்பவில்லை. அதனால்தான் திரும்பி வரவில்லை என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதே.

கடைக்காரர்களையும் குறை சொல்லாதே. அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. அதே ஆண்டு மின்னசோட்டாவில் முழுக்கக் கூரைக்குள் அடங்கிய மால் திறந்தது. கார் சுலபமாக நிற்கிற இடத்துக்கு வியாபாரம் நகர்ந்தது. பல ஊர்கள் பயந்துபோய், மால் போலத் தெரியட்டும் என்று பழைய செங்கல் முகப்புகளின் மேல் அலுமினியத் தகடு அடித்தன. அழகான ஜன்னல்கள் தகட்டுக்குப் பின்னால் போயின. போன வாடிக்கையாளர்கள் வரவில்லை. 1977-இல் அங்குள்ள தேசியப் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறு ஊர்களில் வேறு வழியை முயன்று பார்த்தது. ஊருக்கு ஒரு முழுநேர ஆள். கட்டடத்தைச் சீர்செய்வது, ஆட்களைச் சேர்ப்பது, ஜனங்களை வரவழைப்பது, வியாபாரத்தை நிமிர்த்துவது, நான்கும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வந்ததுதான். இந்த நான்கில் ஒன்றை மட்டும் செய்து ஓய்ந்துபோன ஊர்கள் ஏராளம். பெயின்ட் அடித்தார்கள், விழா நடத்தினார்கள், மறுநாள் தெரு பழையபடி ஆனது.

பணம் எங்கே என்று கேட்பாய். வயோமிங் மாநிலத்தில் பவல் என்ற ஊரில் துணிக்கடை மூடியதும் ஊர்க்காரர்களே ஆளுக்கு 500 டாலர் பங்கு வாங்கி 2002-இல் சொந்தமாகக் கடை திறந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக் என்ற ஊரில் உள்ளாடை வாங்கக்கூட 50 மைல் போக வேண்டிய நிலை. பங்கு 100 டாலர் என்று வைத்து 5 லட்சம் டாலர் திரட்டினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தது. 2011-இல்தான் கடை திறந்தது. அந்த இழுபறி ஆண்டுகளை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கூட்டத்திலேயே கணக்கை மூடுகிறாயே!

பூட்டிக் கிடக்கும் கடைகளின் சொந்தக்காரர்களைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தாய். ஒருவர் பழைய வாடகை திரும்பக் கிடைக்கும் என்று காத்திருப்பார். ஒருவருக்கு அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முடிந்திருக்காது. ஒருவர் வெளியூரில் இருப்பார். கடை ஒழுகுவதே அவருக்குத் தெரியாது. நேரில் போய் உட்கார்ந்து பேசு. கடையைக் கேட்காதே, முன்பக்கக் கண்ணாடியை மட்டும் மூன்று மாதத்துக்குக் கேள். உள்ளே ஒட்டடை அடித்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய நோட்டீஸ்களைத் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களை மாட்டி, இரவு பத்து மணி வரை ஒரு பல்பு எரிய விடுங்கள். தன் பிள்ளையின் படத்தைப் பார்க்க வருகிற அம்மா பக்கத்துக் கடையிலும் நிற்பார். அந்த வெளிச்சத்தில் கடை எவ்வளவு அகலம் என்று வாடகைக்கு வரக்கூடியவருக்கும் தெரியும். ஒரே நேரத்தில் தெரு முழுவதும் வேண்டாம். இன்னும் நான்கைந்து கடைகள் உயிரோடு இருக்கிற பகுதியைப் பார்த்து அங்கே ஆரம்பி.

சரி, அந்த ஆறு பேருக்கும் வேலை பிரித்துவிடு. சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று ஒருவர் விசாரிக்கட்டும், மாடிகள் குடியிருக்க லாயக்கா என்று ஒருவர் ஏறிப் பார்க்கட்டும். மேலே ஆள் குடியிருந்தால் கீழே தெரு இரவில் அநாதையாகாது. நீ மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்று எண்ணு. எத்தனை பேர் கடந்து போனார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்று இரண்டு கணக்கு. நாய் வந்தால் அதையும் சேர்த்துக்கொள். எண்ணி முடித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்