துறுதுறுப்பும் குற்றமும்

ஆசிரியருக்கு,

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு உள்ள குழந்தை பின்னாளில் போலீஸ், வழக்கு என்று போய் நிற்கும் எனப் பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். சிறார் சீர்திருத்த இல்லங்களில் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் கூடுதலாக இருப்பது உண்மைதான். ஆனால் இப்பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாமலேயே வளர்ந்துவிடுகிறார்கள். சிறு வயதிலேயே அடிதடி, திருட்டு, ஓயாத பொய் என நடத்தைக் கோளாறும் சேர்ந்துகொள்ளும்போதுதான் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது.

அது எப்படிச் சேர்கிறது? யோசிப்பதற்குள் கை முந்திவிடுகிற பிள்ளைக்கு வகுப்பில் தினமும் திட்டு, வீட்டில் அடி, அப்புறம் பள்ளியிலிருந்து இடைநீக்கம். அப்படி ஒதுக்கப்பட்டவனைச் சேர்த்துக்கொள்ள வெளியே ஒரு கூட்டம் தயாராக இருக்கும்.

ஸ்வீடனில் 25,000-க்கும் அதிகமான ஏ.டி.எச்.டி. நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் குற்ற விகிதம் ஆண்களிடம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைவாக இருந்தது. (அவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) மருந்தோடு பெற்றோருக்கான பயிற்சியும் தேவை. இடைநீக்க உத்தரவில் கையெழுத்துப் போடும் முன், பிள்ளையைக் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டும்படி தலைமை ஆசிரியர்கள் சொல்லலாமே?

– ஒரு வாசகர்