தவளைகளைக் கொல்லும் பூஞ்சையும் வணிகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுயிர்கள் அருகிவருவது பற்றிய உங்கள் கட்டுரை காடழிப்பையும் பூச்சிக்கொல்லிகளையும் விரிவாகப் பேசியது. ஆனால், தவளைகளைப் பற்றிச் சொல்லும்போது கைட்ரிட் பூஞ்சை நோயை விட்டுவிட்டது பெரிய குறை.

மரம் வெட்டாத, மருந்து தெளிக்காத மலைக்காடுகளிலும் தவளைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது ஏன் என்று நெடுங்காலம் புரியவில்லை. ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் இறந்த தவளைகளின் தோலில் ஒரே பூஞ்சை, அதாவது கைட்ரிட், இருந்தது 1998இல்தான் வெளிவந்தது. தவளைக்குத் தோல் வெறும் போர்வையல்ல. நீரும் உப்புகளும் அதன் வழியாகவே உடலுக்குள் போகின்றன. பூஞ்சை பற்றியதும் அந்த வேலை கெடுகிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடுகிறது. 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, இந்நோயால் தவளை போல நீரிலும் நிலத்திலும் வாழும் இருவாழ்விகளில் 501 இனங்கள் குறைந்திருப்பதாகவும் அவற்றில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்றும் கணக்கிட்டது. பனாமாவின் பொன்னிறத் தவளை காட்டிலிருந்து மறைந்து, காப்பகங்களில் வளர்க்கப்பட்டே பிழைத்தது.

இதை இயற்கையின் போக்கு என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிழக்கு ஆசியாவில் தோன்றிய பூஞ்சை கண்டம் தாண்டியதில் உணவுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வீட்டு வளர்ப்புக்கும் நடந்த உயிர்த்தவளை வணிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பல்லி போல வால் கொண்ட இருவாழ்விகளான சாலமாண்டர்களைத் தின்னும் இன்னொரு பூஞ்சையும் ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வணிகத்தோடு ஐரோப்பாவுக்குப் போனதாகவே கருதப்படுகிறது. நெதர்லாந்தில் நெருப்புச் சாலமாண்டர்கள் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. அதைப் பார்த்த அமெரிக்கா, தன் மண்ணில் அது காணப்படும் முன்பே, 2016இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. எல்லா நாடுகளும் செய்திருக்க வேண்டிய காரியம் அது.

நோய் காட்டுக்குள் புகுந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் தலைப்பிரட்டைகளைப் பிடித்து மருந்து கொடுத்து, குட்டைகளை வடித்துக் கிருமிநீக்கம் செய்து நோயை ஒழித்தார்கள். ஒரு சில குட்டைகள் என்பதால் முடிந்தது. மழைக்காட்டில் எந்த ஓடையை வடிப்பது?

ஆகவே, நோய்ப் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் இல்லாமல் உயிருள்ள ஒரு தவளையோ சாலமாண்டரோகூட எல்லை தாண்டக் கூடாது. ஓடைகளுக்குப் போகிறவர்கள் காலணியையும் வலையையும் கழுவி முழுக்க உலர்த்த வேண்டும். ஈரம் போனால் இந்தப் பூஞ்சை பிழைக்காது. ஒரு குளத்துத் தலைப்பிரட்டையை வேறு குளத்தில் விடவும் கூடாது. இவற்றை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்