‘குடிமகன்’ என்ற சொல்லைக் காப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டாஸ்மாக் கடைச் செய்திகளுக்கு ‘குடிமகன்கள்’ என்று தலைப்பு வைக்கும் வழக்கம் பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது. தயவுசெய்து இதைக் கைவிடுங்கள்.

குடிக்கும் குடி வேறு, குடியிருக்கும் குடி வேறு. இரண்டாவது குடிக்கு வீடு, குடும்பம், குலம், ஓரிடத்தில் நிலைத்து வாழும் மக்கள் என்று பொருள் விரியும். குடித்தனம், குடிக்கூலி, குடியேற்றம் எல்லாம் அதன் கிளைகள். ‘பதியெழு அறியாப் பழங்குடி கெழீஇய’ ஊர் என்று புகார் நகரைச் சொல்கிறது சிலப்பதிகாரம். ஊரைவிட்டுப் பெயர வேண்டிய நிலையே வராத பழைய குடிகள் நிறைந்த ஊர். ஆங்கிலத்தின் சிட்டிசனும் இந்தியின் நாகரிக்கும் நகரத்தில் பிறந்த சொற்கள். இலங்கையில் வழங்கும் பிரஜைக்கு வடமொழியில் பிள்ளை, சந்ததி என்று பொருள். தமிழ்ச்சொல் வீட்டிலிருந்து புறப்பட்டது.

வந்த வழி எளிதாக இருக்கவில்லை. குறளில் (381) படை, கூழ் போலக் குடியும் அரசன் ‘உடைய’ ஆறில் ஒன்று. சோழர் கல்வெட்டுகளில் ‘குடிநீக்கிய தேவதானம்’ என்றால், அதுவரை பயிரிட்ட குடிகளை விலக்கிவிட்டுக் கோயிலுக்குக் கொடுத்த நிலம். ஊர்வழக்கிலோ நாவிதர், வண்ணார் போன்ற ஊழியக்காரர்களைக் குடிமக்கள் என்றார்கள். ‘குடிமகன்’ என்றாலே நாவிதர்தான். அடங்கி நின்றவர்களைக் குறித்த அதே சொல் இன்று நாட்டுக்கு உரியவர்களைக் குறிக்கிறது. நம் அரசமைப்பின் பெரும்பகுதி 1950 ஜனவரி 26இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் யார் குடிமக்கள் என்று வரையறுக்கும் 5 முதல் 9 வரையிலான பிரிவுகள் 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. அவ்வளவு முதன்மையான சொல்லைச் சாராயக் கேலிக்குக் கொடுப்பது மனதை வருத்துகிறது.

குடித்தவரைக் குறிக்க ‘மது அருந்தியவர்’, ‘போதையில் இருந்தவர்’ போதும். ‘குடிமகன்கள்’ என்ற பன்மை பெரும்பாலும் கேலிக்கே வழங்குகிறது. மரபான பன்மை ‘குடிமக்கள்’. அதில் பெண்களும் அடங்குவர் என்பதால் பொதுச் செய்திகளில் ஒருமையைத் தவிர்த்து அதையே எழுதலாம்.

இன்னொன்று. வெளிநாட்டுத் தலைவர்களின் உரைகளை மொழிபெயர்க்கும்போது ‘சக குடிமக்களே’ என்று போடுகிறீர்கள். ‘எங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்பார். ‘நம்’ என்றால் அவரும் உள்ளே. ‘நம் நாட்டு மக்களே’ என்று எழுதினால் அந்தச் ‘சக’ தேவைப்படாது.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்