ஒற்றைக் கண் பிதுங்கினால் தைரொய்ட் என்று எழுதிவிடாதீர்கள்

மலையகத் தோட்ட வைத்திய உத்தியோகத்தர்களுக்கும் ஆதார வைத்தியசாலை வைத்தியர்களுக்கும்,

வணக்கம். ஒரு கண் மட்டும் முன்தள்ளி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ஒருவர் வந்தால் தைரொய்ட்தான் முதலில் நினைவுக்கு வரும். அநேகமாக அது சரியாகவும் இருக்கும். ஆனால் சிறுகுடலில் தொடங்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் உண்டாகும் புற்றுநோய்) கண்குழிக்குப் பரவினாலும் இதே தோற்றம்தான். கண்ணை அசைக்கும் தசைக்குள்ளேயே அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

நோயாளியை உட்காரவைத்து, பின்னால் நின்று, நெற்றிக்கு மேலாகக் குனிந்து பாருங்கள். இரு கண்களுக்கும் 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். வயிற்றில் பழைய தழும்பு உண்டா? குடல் கட்டியை எடுத்துப் பல வருடம் கழித்தும் இது வருவதுண்டு. இக்கட்டி சுரக்கும் பொருட்களால் வயிற்றோட்டமும் மூச்சு இழுப்பும் வரலாம், முகம் சிவக்கலாம்; அடிக்கடி அவை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். முகம் சிவக்கிறதா என்று கேட்டால் நம் சனங்களின் நிறத்தில் "இல்லை" என்றே பதில் வரும். "திடீரென முகம் காந்துதா?" என்று கேளுங்கள்.

ஸ்கேனில், தைரொய்ட் என்றால் பெரும்பாலும் இரு பக்கமும் தசையின் நடுப்பகுதி பருக்கும், தசைநாண் மெலிந்தே இருக்கும். பரவிய கட்டி ஒரே தசையில் உருண்டு திரண்டு நிற்கும். அதைக் கண்டபின் "ஸ்டெரொய்ட் கொடுத்துப் பார்ப்போம்" என்பது தவறு. வீக்கம் கொஞ்சம் வற்றும், மாதங்கள் ஓடிவிடும்.

24 மணிநேரச் சிறுநீரில் 5-எச்ஐஏஏ (இக்கட்டி சுரக்கும் செரடோனின் சிதைந்து வரும் பொருள்) பார்க்கலாம். முதல் நாள் காலைச் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை ஒரு சொட்டும் விடாமல் சேர்க்க வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, பட்டர் புரூட் கூடாது. பெனடோலும் முடிவைக் குழப்பும், அதைக் கேட்க மறக்கிறோம். முடிவு சாதாரணமாக வந்தாலும் நோய் இல்லை என்றாகாது.

தீர்ப்புச் சொல்வது பயாப்ஸிதான், அதாவது கட்டியில் ஒரு துண்டெடுத்துப் பார்ப்பது. துண்டு கெடாதிருக்க அதன் பருமனைப்போல் பத்து மடங்கு 10% ஃபோமலின் ஊற்றுங்கள். படிவத்தில் "கண்குழிக் கட்டி" என்று மட்டும் எழுதினால் சாதாரண நிறமூட்டலோடு நின்றுவிடும். வயிற்றோட்டம், தழும்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்போதுதான் நோயியல் நிபுணர் இக்கட்டியைக் காட்டிக்கொடுக்கும் புரதங்களான சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் பார்ப்பார். குடலிலிருந்து வந்ததா என்பதற்கு சிடிஎக்ஸ்2 என்ற இன்னொரு புரதம் உதவும். கேஐ-67 (பெருகிக்கொண்டிருக்கும் கலங்களின் வீதம்) 3%க்குக் கீழ் என்றால் முதல் தரம், அதாவது மெதுவாக வளர்வது; 20%க்கு மேல் என்றால் மூன்றாம் தரம், வேகமாக வளர்வது.

துண்டெடுக்கும் முன் மயக்கமருந்து வைத்தியரிடம் சந்தேகத்தைச் சொல்லிவிடுங்கள். கட்டியைத் தொட்டதும் இரத்த அழுத்தம் சடாரென விழக்கூடும். கட்டியின் சுரப்பை அடக்கும் ஒக்ட்ரியோடைட் என்ற மருந்து மேசையில் தயாராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மலையகத்தில் கண், நோயியல் துறைகளில் பணிபுரிவோர்