டீசலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமைப்புகளுக்கும், பசுமை ஆய்வகச் சான்றிதழ்களை வடிவமைப்பவர்களுக்கும்,

வணக்கம். ஆப்பிரிக்க நாடான மலாவியின் பிளாண்டயர் நகரில் ஓர் ஆய்வகத்தின் ஃப்ரீசர் அறையைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் எழுதுகிறேன். மலேரியா, காசநோய் ஆராய்ச்சிக்கான ரத்த மாதிரிகள் மைனஸ் 80 டிகிரியில் இருக்கும் அறை அது.

ஆய்வகம் சுற்றுச்சூழலை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் பசுமைக் கணக்கெடுப்புப் படிவம் ஒன்று எங்களுக்கும் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, ஃப்ரீசரை மைனஸ் 70-க்கு மாற்றிவிட்டீர்களா என்று கேட்டது. நல்ல யோசனைதான், சுமார் 30 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் குடிநீர் வராத நாளுக்கென்று ஒரு குடம் நிறைத்து வைப்போமே, அந்தப் பத்து டிகிரி எங்களுக்கு அப்படித்தான். கரண்டும் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்யும் இரவில் மெக்கானிக் வந்து சேரும்வரை அதுதான் தாங்கும்.

2022 ஜனவரியில் அனா புயல் ஷிரே ஆற்றிலுள்ள கபிச்சிரா நீர்மின் நிலையத்தைச் சிதைத்துப் போட்டது. சுமார் 130 மெகாவாட் நிலையம். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு. மலாவியின் கரண்ட் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவது, அதில் புகை கிடையாது. அது நின்றதும் நாங்கள் ஓட்டியது டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. படிவத்தில் மின்கட்டணத்துக்குக் கட்டம் இருந்தது, டீசலுக்கு இல்லை. ஆக, கரண்ட் அதிகம் போன மாதங்களில்தான் காகிதத்தில் நாங்கள் ரொம்பப் பசுமை!

கென்யாவில் இந்தக் கணக்கு வேறு விதமாகத் தப்பாகும். அங்கே சுமார் 90 சதவீதம் மின்சாரம் புவிவெப்பம், நீர், காற்று. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு புகை என்ற பிரிட்டன் கணக்கை வைத்துப் பெருக்கினால் இல்லாத புகை கணக்கில் ஏறும். தென்னாப்பிரிக்காவில் நேர்மாறு, அங்கே நிலக்கரி. பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு அனுப்புகிறீர்களா என்ற கேள்விக்கு எங்கள் பதில் இன்னொரு கேள்வி: எங்கே அனுப்ப?

கருவிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உருவான லீஃப் என்ற பசுமை ஆய்வகச் சான்றிதழ், வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஆய்வகங்களைப் படிப்படியாக ஏற்றிவிடுகிறது. அந்த முறை எனக்குப் பிடிக்கும். படிகளை வெட்டும்போது எங்களையும் கூப்பிடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். வெட்டி முடித்த பிறகு மொழிபெயர்த்து அனுப்புவதற்குப் பெயர் தகவமைப்பு இல்லை.

அப்புறம், பணம். ஃப்ரீசர் வாங்க நிதி கிடைக்கிறது. கம்ப்ரஸர் போனால் மாற்றவோ, சோலார் பேட்டரி வைக்கவோ பட்ஜெட்டில் தலைப்பே இருப்பதில்லை. உலகின் கரியமில வாயுவில் ஆப்பிரிக்கா முழுவதன் பங்கே 4 சதவீதத்துக்குக் கீழே. இந்த நிலையில், சான்றிதழ் இல்லாவிட்டால் நிதி இல்லை என்று தயவுசெய்து ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் பேட்டரிக்குக் கொடுங்கள், அடுத்த ஆண்டு மதிப்பெண் போடுங்கள்.

ஜெனரேட்டர் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு டீசல் ஊற்றினோம் என்று எங்கள் இரவுக் காவலாளி ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அது ஜெனரேட்டர் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அடுத்த படிவத்தை எழுத உட்காரும் முன் யாராவது ஒருவர் வந்து அதைப் புரட்டிப் பாருங்கள். டீ நாங்கள் வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் ஃப்ரீசர் அறைக்காரன்