கல்யாண வீடியோவின் ஓரத்தில் தெரியும் தோட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் மிட்செல், கென்யன் என்ற இருவர் 1900ஐ ஒட்டி எடுத்த ஊமைப் படங்களைப் பேத்தியின் கைப்பேசியில் பார்த்தேன். வேலை முடிந்து ஆலை வாசலில் ஆட்கள் திமுதிமுவென்று வருகிறார்கள். பெண்கள் தலையில் சால்வை, பையன்கள் கேமராவுக்கு முன்னால் சேட்டை. கதை ஒன்றும் இல்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்போதெல்லாம் கையால் சுற்றித்தான் படம் பிடித்தார்கள், நொடிக்கு ஏறக்குறைய 16 படம். பிற்காலத்து 24 பட வேகத்தில் ஓட்டினால் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஓடுவார்கள். சரியான வேகத்தில் விட்டால் நம்மைப் போலவே நடக்கிறார்கள்.

எடுத்தவர்களுக்கு அது வியாபாரம். தன் முகத்தைத் திரையில் பார்க்கத் தொழிலாளி காசு கொடுத்து வருவான் என்று, எத்தனை முகம் விழுமோ அத்தனையையும் பிடித்தார்கள். பிறகு எல்லாரும் மறந்துபோய், சுமார் 800 நெகட்டிவ் சுருள்கள் ஒரு கடையின் நிலவறையில் பீப்பாய்களுக்குள் கிடந்தன. 1994இல் கடையைக் காலி செய்தபோதுதான் வெளியே வந்தன.

அதே காலத்தில் இங்கே மலாயாத் தோட்டங்களில் விடிகாலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போன நம் பாட்டன் பாட்டிகளின் படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் எண்பதுகளின் தோட்டம் இருக்கிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுத்தவன் என்பதால் சொல்கிறேன். பெண் வீட்டிலிருந்து கோயில் வரை கேமரா போகும். வழியில் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், அஞ்சடி நடைபாதை, பொதுக்குழாயில் குடத்தோடு நிற்கும் பெண்கள், கவிழ்த்து வைத்த ரப்பர்ப் பால் வாளி, சைக்கிளில் ரொட்டிக்காரர் எல்லாம் விழும். “அதெல்லாம் எதுக்கு தம்பி, வெட்டிடுங்க, மாமா தட்டு தூக்கிட்டு வர்றதைப் போடுங்க” என்பார்கள். இன்று அந்த லயங்கள் பல இல்லை. இருந்த இடத்தில் செம்பனையும் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளும்.

அந்த நாடாக்கள் இப்போது அலமாரி மேல் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் பிளேயரில் போட வேண்டாம், நாடாவும் போகும், ஹெட்டும் போகும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றுங்கள். அப்புறம் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மாப்பிள்ளை பெண்ணை விட்டு ஓரத்தில் நிற்பவர்களைக் காட்டி, இவர் யார், எந்த லயம் என்று கேட்டு எழுதுங்கள். பிளாக்பர்ன் ஆலை வாசலில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்று பெயர் தெரியாது. நமக்குப் பெயர் சொல்ல ஆள் இன்னும் இருக்கிறார்கள்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் வாரம் ஒரு காட்சியை அச்சிட்டு, அதில் இருப்பவர்களின் பெயரை வாசகர்களிடம் கேட்டால் என்ன? முதல் படத்தை நானே அனுப்புகிறேன்.

முன்னாள் வீடியோக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்